எட்டாவது சன்னலில் ஒரு ஒன்று

என்னைப் புகழ்வதற்காக ஒருத்தி வீடு தேடி வந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். சென்ற மாதம் வந்தவள் ஷீலா. நான் ஓய்வு பெற்ற பாசனத் துறையில் இப்போது கணிப்பொறிப் பிரிவில் இருக்கிறாள். காப்பியைக் கையில் வாங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், புது கம்ப்யூட்டர் வந்தாச்சு. பழைய புரோகிராம் எல்லாத்தையும் அதுல ஏத்தினோம். எல்லாருக்க புரோகிராமும் கண்டமேனிக்கு விடை தருது. ஒரு குளத்து வெள்ளத்தைக் கூட்டச் சொன்னா கடலையே கூட்டித் தருது. நீங்க எழுதினது மட்டும் ஒழுங்கா ஓடுது. அது எப்படியாக்கும்?"

காரணம் மிகச் சின்னது. நான் எழுதிய ஒவ்வொரு நிரலிலும், கூட்டல் தொடங்குமுன், கூட்டுத்தொகை வைக்கும் இடத்தில் பூஜ்யம் போடு என்று ஒரு வரி இருக்கும். மற்றவர்கள் அதை எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நிரலில் ஒரு மாறிக்கு நாம் பெயர் வைத்தால், கம்பைலர் நினைவகத்தில் அதற்கு ஓர் இடம் பிடித்துத் தரும். இடத்தைத்தான் தரும். அங்கே ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்பது வேறு விஷயம். நிரல் முடியும்வரை இருக்கப்போகிற மாறிகளின் இடத்தை, நிரல் ஓடத் தொடங்குமுன் இயக்க முறைமை துடைத்துப் பூஜ்யமாக்கி வைப்பதுண்டு. துணை நிரலுக்குள் வந்து, வேலை முடிந்ததும் போய்விடுகிற மாறிகளுக்கு அந்த உபசாரம் கிடையாது. முன்னால் அங்கே குடியிருந்தவன் விட்டுப்போன எண் அப்படியே கிடக்கும். எங்கள் பழைய கணிப்பொறி எல்லா இடத்தையும் துடைத்தே தந்தது. அதனால் பூஜ்யம் தானாக வரும் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். புது இயந்திரம் அப்படித் தரவில்லை. மிச்சம் கிடந்ததன்மேல் போய்க் கூட்டினார்கள், கடல் வந்தது.

"உங்களுக்கு மட்டும் எப்படித் தோணிச்சு?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். கம்ப்யூட்டர் என்ற சொல்லே எங்கள் ஊருக்கு வராத காலத்தில், கையால் சுற்றுகிற ஒரு கணக்கு இயந்திரத்தில் நான் செய்த தப்பு அது. அதைச் சொன்னேன். எழுதித் தாருங்கள் என்றாள். எழுதுகிறேன்.

நான் தோவாளைக்குப் பக்கத்தில் ஒரு நெல்லு ஊர்க்காரி. பெயர் பகவதி. கணக்கில் நல்ல மார்க்கு வாங்கினேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில் வேலைக்கு மனுப் போட்டேன், கிடைத்துவிட்டது. இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர மூன்று வருடம் இருந்தது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பாசனப் பிரிவு அலுவலகம். அதில் நான்தான் முதல் பெண். "பொம்பளப் பிள்ளைக்கு எந்திரம் சுத்துக சோலி எதுக்கு?" என்று அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தோவாளைப் பூக்கூடைகளுக்கு நடுவே இடம் பிடித்து பஸ்ஸில் போவேன். ஆபீசில் நான் நுழைந்தால் மல்லிகைப் பூ மணக்கிறது என்று கிண்டல் செய்வார்கள். அது கூடைக்காரர்கள் உபயம்.

இயந்திரத்தைக் கணக்குப் பெட்டி என்றுதான் சொல்வோம். தையல் மிஷின் தலையளவு இருக்கும், கனம் அதைவிட அதிகம். மேலே நெம்புகோல்களை நகர்த்தி ஓர் எண்ணை அமைக்க வேண்டும். வலப்பக்கக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த எண் கீழே உள்ள வரிசையில் போய்ச் சேரும். இன்னொரு சுற்றுச் சுற்றினால் மறுபடியும் சேரும். பெருக்கல் என்பது பல சுற்று, அவ்வளவுதான். கீழ் வரிசையில் பதின்மூன்று சின்னச் சன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் தெரியும். அந்த வரிசையைப் பக்கவாட்டில் நகர்த்தி, எண் எந்தச் சன்னலில் விழவேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். ஓரத்தில் காதுபோல விரிந்த ஒரு திருகு. அதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பதின்மூன்றும் பூஜ்யமாகும். சுற்றாவிட்டால், பழைய கணக்கின் விடை அங்கேயே இருக்கும். அடுத்த கணக்கு அதன் தலையில் ஏறி உட்காரும்.

கணக்குப் பிரிவுக்குத் தலைவர் தாணு சார். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. இயந்திரத்தின் முன் உட்காருமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைப்பார். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். பிறகு ஆட்காட்டி விரலை வலது ஓரச் சன்னலில் வைத்து வாய்விட்டுப் படிப்பார். "பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்…" பதின்மூன்று தடவை. ஒன்றைக்கூடத் தாவ மாட்டார். காகிதத்தின் இடது மேல்மூலையில் 'தொடக்கம் பூஜ்யம்' என்று எழுதிய பிறகுதான் கைப்பிடியைத் தொடுவார். வந்த புதிதில் எனக்கு இது அர்ச்சனை மாதிரி இருந்தது, சிரிப்பை அடக்கப் பெரும் பாடுபட்டேன்.

யாராவது துடைக்காமல் போயிருந்தால் கூப்பிடுவார்.

"இது ஆரு வச்சிட்டுப் போன சோறு?"

விட்டவன் எழுந்து வந்து, எல்லார் முன்னாலும் திருகைச் சுற்றிவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான் தண்டனை. அவருடைய சட்டம் இரண்டே வரி. முடிச்சவன் தொடைக்கணும். தொடங்குகவன் பாக்கணும்.

நான் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். ஒருநாள் மத்தியானம் நான் எழுந்த இடத்தில் அவர் வந்து உட்கார்ந்தார். விரலை வைக்கவில்லை, படிக்கவில்லை, நேரே கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். பக்கத்து மேசைக்காரர் வாயைப் பிளந்தார்.

"சார், படிக்கல்லியா?"

"அந்தப் பிள்ள தொடச்சா தொடச்சதாக்கும்," என்றார்.

அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு இடமே கிடைக்கவில்லை. தோவாளை வரை நின்றுகொண்டே போனேன், கால் வலிக்கவே இல்லை. அவ்வளவு பெருமை.

இப்போது என் கள்ளத்தனத்தைச் சொல்லவேண்டும்.

எங்கள் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். "லாபம்" என்பார்கள். பிறகுதான் ரெண்டு, மூணு. அளந்து முடித்து மரக்காலை வைக்கும்போதும் வெறுமனே வைக்க மாட்டார்கள், உள்ளே ஒரு பிடி நெல் கிடக்கும். வீட்டில் அரிசிப் பானைக்குள் போட்டிருக்கும் நாழியும் அப்படித்தான். அதை வழித்துத் துடைத்து வைத்தால் அம்மா அடிக்கக் கையில் கிடைத்ததை எடுப்பாள். இதற்குள்ளேயே வளர்ந்தவள் நான். சாயங்காலம் வேலை முடித்து இயந்திரத்தைத் துடைத்தால், பதின்மூன்று சன்னலிலும் பூஜ்யம். விளக்கு வைக்கிற நேரத்தில் அதை அப்படிப் போட்டுவிட்டு வர எனக்கு மனசு கேட்கவில்லை. ஏதோ வீட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு வருவதுபோல இருக்கும். அதனால், எல்லோரும் எழுந்தபின், ஒரே ஒரு நெம்புகோலை ஒன்றில் வைத்து ஒரு சுற்று. வலது ஓரச் சன்னலில் ஒரு ஒன்று. நெம்புகோலை இறக்கி, உறையைப் போட்டு மூடிவிட்டுப் போவேன். காலையில் முதலில் வருகிறவளும் நானே. உறையை எடுத்ததும் அந்த ஒன்றைத் துடைத்துவிடுவேன். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமும் இல்லை. ஏழெட்டு மாதம் இப்படியே போயிற்று.

அந்த வருடம் மழை ஏய்த்துவிட்டது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போக, மாசியில் அறுக்கும் கும்பப்பூ பயிருக்கு முறை வைத்து விடுவது என்று முடிவானது. எங்கள் சானலில் ஏழு மடை. பத்து நாள் சேர்ந்தது ஒரு முறை. தலையில் இருக்கும் மேலமடை முதலில் திறக்கும், அது மூடியதும் அடுத்தது, அப்படியே கடைசியில் கீழவிளாகம் வரை. ஏக்கருக்கு ஒன்பதே முக்கால் நிமிடம். ஒவ்வொரு மடையிலும் வயல் வயலாக ஏக்கரும் சென்ட்டும் எடுத்து, பெருக்கிக் கூட்டி, இத்தனை நிமிடம் என்று போடவேண்டும். கீழவிளாகத்துக்கு மட்டும் பெருக்க மாட்டோம். பத்து நாளின் மொத்த நிமிடத்தில் மற்ற ஆறு மடைக்கும் போனது போக மிச்சத்தை அதற்கு எழுதுவோம். காலங்காலமாக அப்படித்தான் எழுதினார்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு எப்போதும் சரியாகவே வரும். வராமல் எங்கே போகும்?

முறைப் பட்டியல் போடவேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், வேறொரு கணக்கின் நடுவில் இருந்தேன். மாமா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, அக்காவுக்கு நோவு கண்டாச்சு. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். நீ வாறியா?"

அக்காவுக்கு முதல் பிரசவம். தாணு சாரிடம் இரண்டு நாள் லீவு சொன்னேன், போ போ என்றார். ஓடிவந்து இயந்திரத்தைத் துடைத்தேன். அந்த அவசரத்திலும் என் ஒன்றை மறக்கவில்லை. நெம்புகோலை வைத்தேன், சுற்றினேன், இறக்கினேன், உறையைப் போட்டேன். மறந்தது ஒன்றுதான். கணக்கின் பாதியில் பக்கவாட்டில் நகர்த்தியிருந்த வரிசையை நான் திருப்பி வைக்கவில்லை. என் ஒன்று வலது ஓரத்தில் விழவில்லை, எட்டாவது சன்னலில் விழுந்தது. நான் பார்க்கவும் இல்லை.

நெய்யூரில் அக்காவுக்குப் பெண் குழந்தை. சுகப் பிரசவம். இரண்டு நாள் கழித்து இனிப்போடு ஆபீசுக்கு வந்தேன். இயந்திரம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பட்டியல் லஸ்கர்கள் கைக்குப் போயிருந்தது. மடைகளின் ஷட்டரைத் திறந்து மூடுகிற ஊழியர்களை அப்படித்தான் சொல்வோம். ஒன்றை வைத்துவிட்டுப் போனது எனக்கு நினைவிலேயே இல்லை.

முறை முடிந்த மறுநாள் காலை ஒருவர் உள்ளே வந்தார். தலைப்பாகை, நெற்றியில் அய்யாவழிக்காரர்களின் நீண்ட நாமம், கையில் நாலைந்து நெற்பயிர். வேரோடு பிடுங்கியது. இலை நுனி சுருண்டிருந்தது. கீழவிளாகத்து விவசாயி பொன்னுமணி. நேரே தாணு சார் மேசைக்கு வந்து, அந்தப் பயிரைக் காகிதங்களின்மேல் வைத்தார்.

"சாரே, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தருவோம்னு லஸ்கர் சொன்னாரு. பட்டியல்ல பாத்தா எட்டரை மணிக்கூறு. காஞ்சு கெடக்க சானலு நனையவே ஆறு மணிக்கூறு ஆவும். முதல் நாலு வயலு நனஞ்சுது, ஷட்டரை எறக்கிட்டாரு. கதிரு பொதியில நிக்குது சாரே. இனி பத்து நாளு தாங்காது."

தாணு சார் பயிரைக் கையில் எடுத்தார். கதிர் இன்னும் வெளிவராமல் உள்ளே இருந்த பொதியை இரண்டு விரலால் பிதுக்கிப் பார்த்தார்.

"மேலமடைக்கு மட்டும் ரெண்டு நாளும் மேல ஓடிச்சே," என்றார் பொன்னுமணி. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அங்க ஆருக்க வயலுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

மேலமடை தாணு சாரின் சொந்த ஊர். அவர் மச்சினன் வயல் அங்கேதான். ஆபீசில் ஒரு பேனா ஓடவில்லை. எஞ்சினியர் தன் அறை வாசலில் வந்து நின்றார். குட்டநாட்டுக்காரர், மலையாளம் கலந்துதான் பேசுவார், வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பட்டியலை வாங்கிப் பார்த்தார், பயிரைப் பார்த்தார், தாணு சாரைப் பார்த்தார்.

"இப்போ மேலமடை திறந்தாச்சு. அடுத்த முறை தொடங்கிப் போச்சு. காரணம் இல்லாதெ ஞான் அதெ அடைக்க முடியுமோ? அடைச்சா நாளைக்கு அவங்க வந்து நிப்பாங்க. மத்தியானத்துக்குள்ள எழுதித் தாருங்கோ, எங்கெ பிழைச்சதுன்னு. இல்லெங்கில் இது வேற விஷயம்."

வேற விஷயம் என்றால் விசாரணை. பொன்னுமணி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். விசாரணை வந்தால் அது மாதக்கணக்கில் நடக்கும். அவர் பயிருக்கு அத்தனை நாள் இல்லை.

தாணு சார் என்னிடம் திரும்பினார்.

"மக்கா, மேலமடைய ஒருக்கா போட்டுப் பாரு."

நான் உட்கார்ந்தேன். துடைத்தேன், பதின்மூன்றையும் வாய்விட்டுப் படித்தேன். அவர் பக்கத்தில் நின்று வயல் வயலாகச் சொல்ல, நான் சுற்றினேன். ஒரு மணி நேரம் ஆனது. விடை இரண்டாயிரத்து நூற்று எண்பத்து நான்கு. பட்டியலில் இருந்தது மூவாயிரத்து நூற்று எண்பத்து நான்கு.

"ஆயிரம்," என்றார் தாணு சார். "சரியா ஆயிரம். சுத்தினதுல பிழைச்சா இப்பிடி முழுசா வராது. எழுதினதுலதான் பிழைச்சிருக்கேன். ரெண்டுக்கு மூணுன்னு எழுதியிருக்கேன். வயசாச்சு."

அவர் விளக்கம் எழுத உட்கார்ந்தார். நான் சன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கில் தசமத்துக்கு வலது பக்கம் நாலு சன்னல். ஐந்தாவது ஒன்றாம் இடம், ஆறாவது பத்து, ஏழாவது நூறு. எட்டாவது ஆயிரம். பக்கவாட்டில் நகர்ந்து நின்ற வரிசை அப்போதுதான் என் கண்முன் வந்தது. மாமா வாசலில் நின்றது, நான் ஓடிவந்து சுற்றியது, எல்லாம்.

தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் நின்றேன். ஒரு தம்ளர் மொண்டு கையிலேயே வைத்திருந்தேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆபீசுக்கு வந்த முதல் பெண். பெண் பிள்ளை இயந்திரத்தில் ஏதோ வைத்துவிட்டுப் போனாள், அதுவும் வீட்டுச் சாங்கியத்துக்காக என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும். அப்பா சிரிக்கமாட்டார், அது இன்னும் மோசம். தாணு சாருக்கு ஓய்வு வர நாலைந்து மாதம்தான். எழுதினதில் பிழை என்று அவரே சொல்லும்போது நான் வாயைத் திறப்பானேன் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் வாசல் படியில் அந்த மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாணு சாரின் எழுத்துப் பிழை சரியாக அவர் ஊருக்கே சாதகமாக விழுந்தது என்றால் எந்த எஞ்சினியர் நம்புவார்? நம்பாவிட்டால் மேலமடை மூடாது.

தண்ணீரைக் குடிக்காமலே தம்ளரை வைத்துவிட்டுத் தாணு சாரிடம் போனேன்.

"சார், எழுதாதீங்க. எட்டாவது சன்னல்ல ஒரு ஒன்னு இருந்துது. நான் வச்சதாக்கும்."

அவர் பேனாவை மூடினார். நான் சொல்லச் சொல்ல முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும் சார். காலையில நான்தானே தொடைப்பேன்."

மூடிய பேனாவை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு பட்டியல வாங்குக தபால்காரன் நின்னுட்டிருந்தான். உறையை எடுத்தேன். நீ தொடச்சிட்டுப் போனதுன்னு நினைச்சேன். நான் படிக்கல்ல மக்கா."

இருவரும் எஞ்சினியர் அறைக்குப் போனோம். தாணு சார் தன் பங்கை முதலில் சொன்னார். இரண்டு வாக்கியம். பிறகு நான். களம், மரக்கால், லாபம், நாழி என்று உளறிக் கொட்டினேன். நடுவில் அழுகை வந்துவிட்டது. எஞ்சினியர் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"முதல் அளவுக்கு நீங்க என்ன சொல்லும்?"

"லாபம்னு சொல்லுவோம் சார்."

"எங்கட வீட்டிலும் அங்ஙனெதான்," என்றார். "என்றெ அம்மெ ஒருநாளும் ஒண்ணு என்னு சொல்ல மாட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. தாணு சார் எழுதிய பாதிக் காகிதத்தை வாங்கி, அதன் கீழேயே உத்தரவு எழுதினார். மேலமடையை உடனே அடைத்து, கீழவிளாகத்துக்கு முதலில் ஆயிரம் நிமிடம் திறந்துவிட வேண்டும். காரணம் என்ற இடத்தில், 'கணக்கு தொடங்குமுன் இயந்திரத்தில் முன்பிருந்த எண் பார்க்கப்படவில்லை' என்று எழுதினார். என் சாங்கியத்தை எழுதவில்லை. "மெமோ ரெண்டு பேருக்கும் உண்டு," என்றார். "ஜீப்பை எடுத்துக்கோங்கோ. பகவதிக் குட்டியும் போகட்டே. வச்சது ஆரோ, அவங்க போய் எடுக்கட்டே."

பொன்னுமணியையும் ஏற்றிக்கொண்டு மேலமடைக்குப் போனோம். மடையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. லஸ்கர் ஷட்டரில் கை வைத்ததும் தாணு சாரின் மச்சினன் வயலிலிருந்து மண்வெட்டியோடு ஓடிவந்தார். கூட நாலைந்து பேர்.

"அத்தான், என்ன இது? எங்க முறையாக்கும். வெள்ளத்தை எதுக்கு அடைக்கியோ?"

"போன முறையில உங்களுக்கு ஆயிரம் நிமிசம் கூடுதலா வந்துது. அவருக்கு உள்ளது." தாணு சார் பொன்னுமணியைக் காட்டினார்.

"அது நாங்க களவாண்டோமா? நீங்கதானே எழுதித் தந்தியோ!"

"நான்தான் தந்தேன். நான்தான் வாங்குக வந்திருக்கேன்."

"சொந்தக்காரன்னு கூட இல்லியா அத்தான்?"

"சொந்தக்காரன்னுதான் நானே வந்தேன். இல்லேன்னா லஸ்கரை மட்டும் விட்டிருப்பேன்."

மச்சினன் மண்வெட்டியைத் தரையில் போட்டார். இனி என் வீட்டுப் படி ஏறாதீர் என்றார். பிறகு ஓரமாக நகர்ந்தார். ஷட்டர் இறங்கியது. தாணு சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது, எல்லாரும் இருந்ததால் விழவில்லை.

கீழவிளாகத்துக்குத் தண்ணீர் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முதலில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு அழுக்காக ஒரு நாக்கு வந்தது, பின்னால் வெள்ளம் வந்தது. பொன்னுமணி வரப்பில் நின்று தலைப்பாகையைச் சரிசெய்தார். "அய்யா உண்டு" என்றார். பிறகு தாணு சாரிடம் வந்தார்.

"சாரே, காலையில ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

"சொன்னது சரிதானே. எங்க ஆளுகளுக்குத்தானே போச்சு."

இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று வயல் பயிர் பிழைக்கவில்லை. மற்றது தேறியது. அறுப்பு முடிந்ததும் பொன்னுமணி ஆபீசுக்கு ஒரு சின்னப் பையில் புதுநெல் கொண்டுவந்தார். லஞ்சமாகிவிடும் என்று தாணு சார் வாங்கவில்லை. ஒரே ஒரு நெல்மணியை எடுத்து, உமியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தார்.

மெமோ இரண்டு பேருக்கும் வந்தது. முப்பது வருட சர்வீசில் அவருக்கு அதுதான் முதல் மெமோ. அதை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். அந்த வாரமே இரண்டு மாற்றம் செய்தார். கடைசி மடைக்கும் பெருக்கிப் பார்த்து, மிச்சத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. இது பெரிய மாற்றம், பின்னால் எல்லாப் பிரிவிலும் வந்தது. இரண்டாவது, நான் துடைத்த இயந்திரத்தையும் அவர் விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார். முதல் நாள் அவர் "பூஜ்யம், பூஜ்யம்" என்று ஆரம்பித்தபோது எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நானும் பிறகு ஒன்று வைக்கவில்லை. பதின்மூன்று பூஜ்யத்தையும் அப்படியே விட்டுவிட்டு வருவேன். சில நாள் பஸ்ஸில் அது மனதை அரித்துக்கொண்டே வரும்.

ஓய்வு பெறும் நாளன்று அவருக்கு மாலை போட்டோம், வடையும் காப்பியும் வாங்கினோம். எஞ்சினியர் நாலு வார்த்தை பேசினார். மச்சினன் வரவில்லை. எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவர் மட்டும் உள்ளே இருந்தார். கடைசி நாளிலும் என்ன கணக்கு என்று நாங்கள் கிண்டல் செய்துகொண்டே பஸ்ஸுக்குப் போனோம்.

மறுநாள் காலை வழக்கம்போல முதல் ஆளாக வந்தேன். உறையை எடுத்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தேன். அந்தப் பழக்கமும் எனக்குத் தொற்றியிருந்தது. விரலை வலது ஓரச் சன்னலில் வைத்துப் படிக்க வாயைத் திறந்தேன்.

பூஜ்யம் இல்லை. ஒன்று.

மற்ற பன்னிரண்டிலும் பூஜ்யம். வலது ஓரத்தில், யாருக்கும் கெடுதல் வராத இடத்தில், ஒரே ஒரு ஒன்று. முப்பது வருடம் துடைத்துவிட்டே எழுந்த மனிதர் வைத்துவிட்டுப் போனது. காலையில் வந்ததும் நான் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

"லாபம்," என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆபீசில் யாரும் இல்லை, அதனால் நன்றாக அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திருகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன், பதின்மூன்றையும் படித்தேன், காகிதத்தின் மூலையில் எழுதினேன்: தொடக்கம் பூஜ்யம்.